நான் எழுதாமல் விட்ட மொனிற்றர்

பழைய மொனிற்றர்களை மாற்றுவதா, இன்னும் ஒரு வருடம் இழுப்பதா என்று பேச உங்கள் கந்தோரில் ஒரு கூட்டம் வைத்தீர்கள். ஓய்வுபெற்றவன் வீட்டில் சும்மாதானே இருக்கிறான் என்று என்னையும் கூப்பிட்டு ஒரு கதிரை தந்தீர்கள். விலை, அளவு, உத்தரவாதம் எல்லாம் பேசி முடிந்த பிறகு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதற்கு முன்னால் இருந்து வேலை செய்யப்போவது யார்?" உங்களில் இரண்டு பேர் வாய்க்குள் சிரித்ததை நான் கண்டேன். சிரித்ததில் பிழையில்லை. கிழவனுக்குப் பழங்கதை சொல்ல ஒரு சாட்டு வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். அந்தச் சாட்டையே பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆனால் இது சிரிக்கிற கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் மல்லாவியில் ஒரு நிவாரண நிறுவனத்தில் நான் கணினிப் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். இருந்தது ஒரு கொம்பியூட்டர். அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள். வன்னியை விட்டு மின்சாரம் போய் வருடக்கணக்காகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேற்றர் ஒன்று காலையில் கொஞ்சநேரம், பின்னேரம் கொஞ்சநேரம் இரையும். அந்த இரைச்சல் கேட்கிற நேரம்தான் எங்கள் வேலை நேரம். கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்தபோது கொம்பியூட்டரும் சனத்தோடு இடம்பெயர்ந்தது. மொனிற்றரைப் போர்வையால் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டி, மழைக்குள் நான்தான் உருட்டிக்கொண்டு வந்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் காட்டுகிற சின்ன மொனிற்றர் அது. நீங்கள் இன்று அதைக் கண்டால் ஏதோ மீன்தொட்டி என்று நினைப்பீர்கள்.

அதற்கு முன்னால் இருந்து வேலை செய்தவர் ஜெசிந்தா. முல்லைத்தீவுக் கடற்கரையில் தொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பம். கணவர் ஒருநாள் கடலுக்குப் போனார். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. பிறகு ஊரும் போனது. மூத்தவள் ரெஜினா, சின்னவள் சுகந்தி என்று இரண்டு பெண் பிள்ளைகளோடு மல்லாவிச் சந்தைக்குப் பின்னால் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தார். அவருடைய சம்பளத்தை நம்பி மூன்று வயிறு. இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரங்களைப் பதிந்து நிவாரண அட்டைகளை அச்சடிப்பது அவருடைய வேலை. விசைப்பலகையைக் குனிந்து பார்க்கவே மாட்டார். வாயும் அப்படித்தான், நில்லாது. "அண்ணை, உங்கட கொம்பியூட்டர் என்னைவிட ஆற அமர யோசிக்குது. கலியாணம் பேசலாம் போல கிடக்கு" என்பார். அந்தக் கந்தோரில் சிரிப்பு என்று ஒன்று இருந்தது அவரால்தான்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அட்டைகளில் பிழைகள் வரத் தொடங்கின. துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து அட்டையை மேசையில் போட்டார். வீட்டில் ஆறு பேர். அட்டையில் ஆட்தொகை என்ற இடம் வெறுமையாக இருந்தது. கடைக்காரர் வெறும் அட்டைக்கு அரிசி அளக்க மறுத்துவிட்டார். ஒரு கிழமைச் சாமான் போய்விட்டது. அந்த அம்மா சத்தம் போடவில்லை. "ஆறு பேரும் செத்துப் போச்சினம் எண்டு நினைச்சிட்டியளோ?" என்று மட்டும் கேட்டார். இப்படி இன்னும் சில வந்தன. பிழைகள் எல்லாம் திரையின் ஓரங்களில் வருகிற விபரங்களில்தான் இருந்தன. நடுவில் எல்லாம் சுத்தம்.

"எனக்கு ஓரம் வடிவாத் தெரியேல்லை அண்ணை. மொனிற்றர் மங்கிக்கொண்டு போகுது" என்றார் ஜெசிந்தா.

எனக்கு அது உடனே விளங்கியது. மொனிற்றரின் படக்குழாய் பழசானால் ஓர எழுத்துகள் கலங்குவது எல்லோருக்கும் தெரிந்த பழுது. பின்மூடியைக் கழற்றித் தூசி தட்டி, திருகிப் பார்த்து, தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு பார்த்தேன். மங்கல்தான். ஓரங்கள் கலங்கல்தான். மொனிற்றரின் காலம் முடிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். பழுதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு சந்தோசம் வரும். நீங்களும் அனுபவிப்பீர்கள். அது மிகவும் பொல்லாத சந்தோசம். அதோடு மூளை கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. எது பிழைத்தாலும் காரணம் ஒன்றுதான், சாமான் வரவில்லை. விளக்கு மங்கினால் நல்ல எண்ணெய் வரவில்லை. நெல் பதராகினால் பசளை வரவில்லை. பிள்ளை மெலிந்தால் பால்மா வரவில்லை. வவுனியாப் பாதை திறந்து லொறி வந்தால் எல்லாம் சரிவரும். பத்தில் எட்டு முறை அது உண்மையாகவும் இருந்தது, அதுதான் கெடுதல். மற்ற இரண்டு முறையும் நாங்கள் லொறியையே பார்த்துக்கொண்டு இருந்தோம். ஜெசிந்தாவுக்குக் கண் தெரியாததற்கும் லொறிதான் மருந்து என்று நான் நினைத்தேன். அவரும் அப்படியே நினைத்தார்.

வவுனியாவிலிருந்து சாமான் எடுப்பதென்றால் ஆமியின் அனுமதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வருடம் பாதை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. மின்சாரப் பொருள் ஒன்றுக்கு மேல் எழுதினால் எல்லாமே திரும்பி வந்துவிடும் என்பது எங்கள் அனுபவம். ஆகவே ஒன்றுதான் கேட்கலாம். எங்கள் பணிப்பாளர் ஒருகாலத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், யாரையும் வகுப்பில் எழுப்பி நிறுத்துவது போலவே கதைப்பார். ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு விடிய வாகனம் போகுது. ஜெனரேற்றருக்குச் சாமானோ, மொனிற்றரோ? பின்னேரத்துக்குள்ள சொல்லும்."

"மொனிற்றர்தான் சேர். பெரிய திரை, கலர்."

"யோசிச்சுச் சொல்லும் எண்டுதான் பின்னேரம் வரைக்கும் நேரம் தந்தனான்" என்றார்.

பெரிய மொனிற்றர் வந்தால் மேசை போதுமா என்று அளக்கப் போனேன். ஜெசிந்தா வேலையில் இருந்தார். களஞ்சியத்தில் வேலை செய்த செல்லமுத்து தேத்தண்ணி கொண்டுவந்து, வழமை போல அவருடைய இடது கைப்பக்கம் வைத்தார். செல்லமுத்து மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காணி வெட்டிக் குடியேறிய குடும்பத்தவர், எங்களையெல்லாம் "சார்" என்றுதான் கூப்பிடுவார். ஜெசிந்தா தாளை எடுக்கக் கையை நீட்டினார். கோப்பை புரண்டு சுடுதண்ணி மடியில் கொட்டியது. பாய்ந்து எழும்பி, "கை தவறிட்டுது" என்று சிரித்தார்.

"நேத்தும் கொட்டிட்டாங்க சார். முந்தாநாளும் கொட்டினாங்க" என்றார் செல்லமுத்து, துடைத்துக்கொண்டே.

நான் அளவுநாடாவோடு அப்படியே நின்றேன். ஓர எழுத்துத் தெரியாததற்கு மொனிற்றர் காரணம், சரி. தேத்தண்ணிக் கோப்பை தெரியாததற்கும் மொனிற்றரா காரணம்?

செல்லமுத்துவைக் கதிரையில் இருத்தித் திரையை வாசிக்கச் சொன்னேன். ஓரத்தில் இருந்த பெயர்களையும் எண்களையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். "மங்கலாத்தான் இருக்கு சார். ஆனா தெரியுது" என்றார். பிறகு ஜெசிந்தாவை இருத்தி, என்னுடைய மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பென்சிலை அவருடைய காதுப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தேன். தெரிந்ததும் சொல்லச் சொன்னேன். பென்சில் கன்னத்தைத் தாண்டியது, கண்ணின் கடைக்கு வந்தது. அவர் பேசவில்லை. மூக்குக்குக் கிட்ட வந்தபோதுதான் "இப்பத் தெரியுது" என்றார். மற்றப் பக்கமும் அப்படித்தான். ஏதோ விளையாட்டு என்று தொடக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர், இரண்டாவது பக்கம் முடிந்தபோது சிரிக்கவில்லை.

பிள்ளைகளே, இந்தக் கதையில் தொழில்பாடம் என்று ஒன்று வேண்டுமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகலாம். மொனிற்றர் பழுதுதான். நான் கண்டுபிடித்தது பொய்யில்லை. ஆனால் ஒரு பழுது அகப்பட்டுவிட்டால் அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்து நிற்கலாம் என்பதை மறக்காதீர்கள். பழசாகிப்போன இடங்களில் பழுதுகள் தனியே வருவதில்லை. இந்தப் பாடம் இலகுவான பாடம். மிச்சத்தை எப்படிப் படிப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மத்தியானம் ஜெசிந்தாவை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளே அமுக்கம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து உள்ளுக்குச் சாகிறது என்றார். இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணும் அதே வழியில் போகிறது. இழந்தது திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாற்ற ஒரு துளி மருந்து வேண்டும், அது வன்னியில் இல்லை. சத்திரசிகிச்சையும் வேண்டும், அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். "கெதியாப் போனா ஒரு கண் மிஞ்சும். அடுத்த அறுவடை வரைக்கும் இழுத்தா ரெண்டும் இல்லை" என்றார்.

வெளியே வந்து பாலை மரத்துக்குக் கீழே நின்றோம். ஜெசிந்தாதான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணை, முதல்ல மொனிற்றரை எடுப்பம். பெரிசு வந்தா, எழுத்தைப் பெரிசாக்கி நடுவில வைச்சுச் சமாளிச்சிடுவன். கண்ணைப் பிறகு பாப்பம்."

"பிறகு எண்டா எப்ப?"

"பிள்ளையளை ஆரிட்ட விடுறது? மூண்டு பேருக்கும் பாஸ் தருவினமோ?"

தரமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வன்னியை விட்டு வெளியே போக இயக்கம் ஒரு ஆளுக்குத்தான் பாஸ் கொடுக்கும். குடும்பம் உள்ளே நிற்க வேண்டும். அதற்கு மேல், திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். பிணை நின்றவர், போனவர் திரும்பும் வரை வன்னியை விட்டு அசைய முடியாது. அப்படித்தான் அந்த நாட்களில் எங்கள் நாட்டுக்குள்ளேயே நாங்கள் பயணம் செய்தோம்.

"அண்ணை, மொனிற்றருக்கு எழுதிக் குடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார். வாய் நில்லாத அந்தப் பெண் ஒருவரைக் கும்பிட்டுக் கேட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

கந்தோருக்குத் திரும்பி நடக்கும்போது யோசித்தேன். மொனிற்றரை எழுதினால் அது ஒரு நாள் வரும். வந்தால் ஜெசிந்தா அதை வைத்துச் சமாளிப்பார். கெட்டிக்காரி, நடுவில் மிஞ்சிய ஓட்டைக்குள்ளால் கூட வேலை செய்து காட்டுவார். அட்டைகள் சரியாக வரும், பணிப்பாளர் பாராட்டுவார், எனக்கும் நல்ல பெயர். அந்த ஓட்டை அடைபடும் நாளில்தான் எல்லோரும் பதறுவோம். மொனிற்றர் வரப்போகிறது என்ற நம்பிக்கை இருக்கும்வரை அவர் வவுனியாப் பாதையில் கால் வைக்க மாட்டார். அந்த ஊன்றுகோலை நான்தான் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு அது கடுமையான முடிவாகத் தெரிந்தது, பிழையான முடிவாகத் தெரியவில்லை.

பின்னேரம் பணிப்பாளரின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"ஜெனரேற்றர் சாமானை எழுதுங்கோ சேர். மொனிற்றர் வேண்டாம்."

"காலமை வேற சொன்னீர்."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆர் பிணை?"

"நான் நிக்கிறன் சேர். ஒண்டு மட்டும் நீங்கள் சொல்ல வேணும். அவா வரும்வரைக்கும் அந்தக் கதிரையில வேற ஆளைப் போடக்கூடாது. சம்பளம் பிள்ளையளுக்குப் போக வேணும்."

"அது நான் பாக்கிறன். நீர் அவாவைப் போகச் சம்மதிக்க வையும். அதுதான் பெரிய வேலை" என்றார்.

பெரிய வேலைதான். மொனிற்றர் எழுதவில்லை என்று சொன்னபோது ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வையில் நடுவும் இருந்தது, ஓரமும் இருந்தது. "நீங்கள் ஆர் எனக்கு?" என்று கேட்டார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, முள்ளியவளையில் இருக்கும் தமக்கை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வா என்றார். அவ்வளவுதான். கந்தோரில் எல்லோரும் என்னைப் பகிடி பண்ணினார்கள். "அவா வராட்டி நீ இஞ்சயே வேர் விட வேண்டியதுதான்" என்றார்கள். போகிற நாளில் ஜெசிந்தா சின்னவளின் தலையை இழுத்து இழுத்துப் பின்னினார். பின்னி முடித்ததும் அவிழ்த்துவிட்டுத் திரும்பவும் பின்னினார். வாகனக்காரர் ஹோர்ன் அடித்தும் அவர் எழும்பவில்லை. ரெஜினாதான் அவருடைய கையைப் பிடித்து எழுப்பினாள்.

பிள்ளைகளை முள்ளியவளைக்குக் கொண்டுபோய் விட்டது நான். மாங்குளம் பக்கம் ஆமி நின்ற காலம், சுற்றிப் போக வேண்டும். பிறகும் ஏலுமான நேரங்களில் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஜெசிந்தாவின் தமக்கை, பிள்ளைகளின் பெரிய தாய், குறை சொல்ல முடியாத பெண், தன் பிள்ளைகளோடு இவர்களையும் சேர்த்து வளர்த்தார். சுகந்தி என்னை "மாமா" என்பாள். தாயைப் போல வாய். ஒருமுறை என் காதுக்குள் ஒரு இரகசியம் சொன்னாள்.

"மாமா, அம்மாவுக்குப் பக்கத்தால போனாத் தெரியாது. நான் பக்கத்தால போய்ச் சீனி எடுக்கிறனான்."

"எப்ப தொடக்கம்?"

"கனகாலம்" என்றாள்.

சீனி தங்கமாக இருந்த காலம் அது. எங்களுக்கெல்லாம் முந்தி அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நான் குழாயைக் கழற்றித் திருகிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் சீனிப் போத்தலைத் திறந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்தக் கதையில் நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

மாரி தொடங்கியபோது சண்டையும் தொடங்கியது. பாதை மூடியது. ஜெசிந்தா கொழும்பில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறார் என்பதுவரை செய்தி வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. முள்ளியவளையிலும் ஷெல் விழுந்தது. சனம் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வயல்வெளிகளுக்கும் காடுகளுக்கும் ஓடியது. மழைக்குள் தறப்பாளுக்குக் கீழே கிடந்தார்கள். நுளம்புக்கடி எப்படி இருந்திருக்கும் என்று வன்னியில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுகந்திக்குக் காய்ச்சல் வந்தது. மழைக் காய்ச்சல் என்று நினைத்து மல்லித் தண்ணி கொடுத்திருக்கிறார்கள். விட்டு விட்டு வந்த காய்ச்சல் ஒருநாள் தலைக்கு ஏறியது. ஆசுபத்திரிக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும்போதே பிள்ளை ஆட்களை அடையாளம் காணாமல் பிதற்றத் தொடங்கிவிட்டது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

எனக்குச் செய்தி வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. ரெஜினா ஒரு மரத்தோடு சாய்ந்து இருந்தாள். என்னைக் கண்டும் எழும்பவில்லை. "அம்மா இருந்திருந்தா அவளுக்கு இது சும்மா காய்ச்சல் இல்லை எண்டு தெரிஞ்சிருக்கும் மாமா. அம்மாவுக்குக் கையை வைச்சாத் தெரியும்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னாள்.

சில காலத்தின் பின் ஒரு வாகனம் வவுனியாவுக்குப் போகக் கிடைத்தது. செய்தி அனுப்பலாம். நான் பெரிய தாயைக் கேட்டேன். "சொல்லாதேங்கோ. சொன்னா அவள் கண்ணை விட்டிட்டு ஓடி வந்திடுவாள். பாதையில நிண்டு சாவாள்" என்று அழுதார். நான் சொல்லவில்லை. அது சரியோ பிழையோ என்று என்னைக் கேட்காதீர்கள். ஜெசிந்தாவுக்குத் தன் பிள்ளை செத்தது தெரியாமல் பல மாதங்கள் போயின. அந்த மாதங்களில் அவர் கொழும்பில் மருந்துத் துளி விட்டுக்கொண்டு, பிள்ளைக்கு எவ்வளவு வளர்த்தி வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு இருந்தார்.

பாதை திறந்த பிறகு ஒருநாள் ஜெசிந்தா கந்தோர் வாசலில் வந்து நின்றார். வவுனியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மல்லாவிதான் முதலில் வரும், முள்ளியவளை பிறகுதான். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் நடுப்பகுதி தங்கிவிட்டது. டொக்டர் சொன்னபடியே ஒரு கண் மிஞ்சியிருந்தது. "அண்ணை, நீங்கள் பிணை நிண்ட ஆள் வந்திட்டன். இனி நீங்கள் எங்க வேணுமெண்டாலும் போகலாம்" என்று சிரித்தார். பிறகு தன் கதிரையில் போய் இருந்துகொண்டு, மொனிற்றரின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தார். "என்ர கதிரையில ஆரும் இருக்கேல்லைப் போல" என்றார்.

"சின்னவள் உயந்திட்டாளோ அண்ணை?"

அவர் அப்படிக் கேட்டபோது செல்லமுத்து கையில் இருந்த கோப்பையோடு வெளியே போய்விட்டார். பணிப்பாளர் அவருடைய அறையில் இருந்து வரவில்லை. நான்தான் இருந்தேன். நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை. என்ன வார்த்தை என்று தேடிப் பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை.

ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஜெனரேற்றர் ஓடாத நேரம், திரை கறுப்பாக இருந்தது. பிறகு கேட்டார்.

"அண்டைக்கு நீங்கள் மொனிற்றருக்கு எழுதியிருந்தா, நான் போயிருக்க மாட்டன். என்ன அண்ணை?"

"ஓம்" என்றேன்.

"இப்ப ரெண்டு கண்ணும் போயிருக்கும்."

"ஓம்."

"அவள் இருந்திருப்பாள்."

தாய் இல்லாத வீடு பார்த்து மலேரியா வருவதில்லை என்று சொல்லியிருக்கலாம். மல்லாவியிலும் பிள்ளைகள் செத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். பின்னாளில் எத்தனையோ பேர் எனக்கு அப்படித்தான் ஆறுதல் சொன்னார்கள். அந்த இடத்தில், அந்த முகத்துக்கு முன்னால், எனக்கு அது வாயில் வரவில்லை. "ஓம்" என்றுதான் சொன்னேன்.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். சரியான கேள்வியைக் கேட்பீர்கள், சரியான பழுதைக் கண்டுபிடிப்பீர்கள், படித்த எல்லோரும் சரி என்று சொல்கிற முடிவை எடுப்பீர்கள். அதற்கான செலவை இன்னொரு ஆள் கட்டுவார். அந்த ஆள் வந்து கேட்கும்போது தயவுசெய்து நியாயம் கதைக்காதீர்கள். நான் அன்றைக்குச் சரியாகச் செய்த காரியம் என்று ஏதாவது இருந்தால் அது "ஓம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான்.

அடுத்த நாள் பணிப்பாளர் வாகனம் தந்தார். நான் ஜெசிந்தாவை முள்ளியவளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மயானத்தில் அந்த மாரியில் போன சின்னப் பிள்ளைகளின் மண்மேடுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரேமாதிரித் தடிச் சிலுவை. பெயர் எழுதியவையும் மழையில் கரைந்திருந்தன. ரெஜினா ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தாய்க்கு வலது பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். ஜெசிந்தா நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டு, "எங்க? எங்க பிள்ளை?" என்று கேட்டபடி வரிசையைத் தாண்டி நடக்கத் தொடங்கினார். பக்கத்தில் இருந்ததை அவர் காணவில்லை.

ரெஜினா ஓடிவந்து தாயைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு கைகளாலும் தாயின் முகத்தைப் பிடித்து, மெதுவாக வலது பக்கம் திருப்பி, பிறகு கீழே சாய்த்தாள்.

"இஞ்ச அம்மா. இதுதான்."

ஜெசிந்தா அசையாமல் நின்றார். மகளின் கைகள் அவருடைய கன்னங்களை விடவில்லை.

"தெரியுது" என்றார்.